கஞ்சிக்கு முந்திய மாத்திரை

786

தென்காசி
23-6-1961, வெள்ளிக்கிழமை

என் அருமை மகன் கிதிர் முகம்மது படித்துக்கொள்ள, வாப்பா துல்கர்னைன் ஸலாத்துடன் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். கடலுக்கு அப்பால் இருக்கும் உன் சுகத்துக்காக உன் உம்மா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கை ஏந்துகிறாள், அதற்கு ஆமீன் சொல்வது என் வேலை. முதலில் இந்த எழுத்தைப் பார்த்து நீ பதற வேண்டாம். உன் தங்கை ஜைனப்புக்குக் கையில் சுளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு வரி மேட்டில் ஏறியும் அடுத்த வரி பள்ளத்தில் இறங்கியும் போகிற இந்தக் கோணல் எழுத்து உன் வாப்பாவுடைய சொந்த எழுத்து. பொறுத்துக்கொள். பேனாவை ரொம்ப அழுத்திப் பிடிக்கிறேன் என்று வாத்தியார் சொல்கிறார். தறியில் இருந்து பழகிய கைக்கு மெதுவாகப் பிடிக்க வரவில்லை, இரண்டு இடத்தில் தாள் கிழிந்தே போய்விட்டது. ஒரு பக்கம் எழுதுகிற நேரத்தில் ஒரு துண்டு நெய்து இறக்கிவிடலாம். ஆனாலும் மகனே, எனக்கு இருக்கிற சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மேலே உன் பெயரை எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நெசவாளர் சங்கக் கட்டடத்தில் சாயங்காலம் முதியோர் வகுப்பு நடக்கிறது. மந்திரமூர்த்தி வாத்தியார் ஆய்க்குடியிலிருந்து சைக்கிளில் வந்து சொல்லிக்கொடுக்கிறார். முதல் நாள் நான் கூச்சப்பட்டு வாசலிலேயே நின்றேன். அவர் பார்த்துவிட்டு, அண்ணாச்சி, ஒரு செருப்பைக் கழட்ட இம்புட்டு நேரமா, உள்ள வாங்க, இங்கன உக்காந்திருக்கவங்க எல்லாம் உங்களைவிடப் பெரிய மக்குதான் என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டேன். அவர் பழக்கியபடி ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுக் கூட்டிச் சொன்னால்தான் எனக்குக் கை ஓடும். இப்போதும் முன்வாசலில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லித்தான் எழுதுகிறேன். உன் உம்மா அடுப்படியில் மசாலா அரைத்துக்கொண்டிருக்கிறாள், நான் பாடம் படிக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

அவள் அப்படியே நினைக்கட்டும். நான் எழுதப்போகிற சங்கதி உனக்குத் தெரியக்கூடாது என்பது அவள் உத்தரவு. ஜைனப்பிடம் சத்தியமே வாங்கியிருக்கிறாள். என்னிடம் வாங்கவில்லை, எனக்குத்தான் எழுதத் தெரியாதே என்று விட்டுவிட்டாள். இத்தனை வருஷமாக ஜைனப் எழுதிய கடிதமெல்லாம் உம்மா சொல்லச் சொல்ல எழுதியது, வாப்பா ஸலாம் சொன்னார்கள் என்ற கடைசி வரி மட்டும்தான் என்னுடையது. நானும் ஆறின புண்ணை ஏன் கிளற வேண்டும் என்று பேசாமல்தான் இருந்தேன். போன வாரம் உன் கடிதம் வந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொள்கிறது, காலையில் எழுந்ததும் டீக்கு முன்னாலேயே இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனால்தான் குனிய முடிகிறது, உம்மாவுக்கும் அதே மாத்திரையில் இன்னொரு பெரிய டின் வாங்கி வைத்திருக்கிறேன் என்று நீ எழுதியிருந்ததை ஜைனப் படித்தாள். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகையால் சொல்லிவிடுகிறேன். நீ சாப்பிட்டாயா? சாப்பிடவில்லை என்றால் இந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்து மீதியைப் படி. உன் உம்மா இன்று நல்ல சுகத்தோடு இருக்கிறாள் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்.

ஊருக்கு வந்த நம் தெரு ஆதமிடம் நீ கொடுத்தனுப்பிய டின் கையில் கிடைத்தபோது உன் உம்மாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. அவளுக்கு இரண்டு முட்டும் வீங்கி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல், எழுந்தால் உட்கார முடியாமல் இருந்த நேரம். சாப்பிட்டுவிட்டு ஒன்று போடுவாள், கொஞ்ச நேரத்தில் மாடிப்படிகூட ஏறி இறங்குவாள். தெருவில் முட்டுவலி என்று யார் சொன்னாலும், எம்பிள்ளை சிங்கப்பூர்லருந்து அனுப்பியிருக்கான், வெள்ளைக்காரன் மருந்து, ஆனா நான் யாருக்கும் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஒன்று கொடுப்பாள். அந்த மாத்திரையால் அவளுக்கு நன்மை உண்டானது உண்மை, அதை நீ மறக்கக் கூடாது. பிறகு ரமலான் பிறந்தது. நோன்பில் பகலில் மாத்திரை விழுங்க முடியாது. அவள் என்ன செய்தாள் தெரியுமா, காலைக்கும் மதியத்துக்கும் உள்ளதைச் சேர்த்து வைத்து, அந்திக்கு நோன்பு திறக்கப் பள்ளிவாசலில் நகரா முரசு அடித்ததும் முதல் தண்ணீரோடு மொத்தத்தையும் வாயில் போட்டுக்கொள்வாள். பேரீச்சம்பழம்கூட அதற்குப் பிறகுதான். கஞ்சி குடித்துவிட்டுப் போடேன் என்று நான் சொன்னதற்கு, கஞ்சி குடிச்சிட்டுப் போட்டா மருந்து கஞ்சியிலயே ஊறிக் கிடக்கும், முட்டுக்கு எப்பம் போய்ச் சேரும், தராவீஹ் முடிஞ்சதுக்கப்புறமா என்றாள். அவளுக்கு அதுதான் கணக்கு. ரமலான் இரவின் அவ்வளவு நீளமான தராவீஹ் தொழுகையை, பெண்கள் கூடித் தொழுகிற வீட்டில், மற்றவர்களைப் போல நின்று தொழ வேண்டும். முக்காலியில் உட்கார்ந்து தொழுதால் கிழவி என்று பேர் வந்துவிடுமாம். நின்றுதான் தொழுதாள். எனக்கும் அது நல்லதாகவே பட்டது, பிள்ளை அனுப்பின மாத்திரை தாயை நிற்க வைக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

பாதி நோன்பு கழிந்ததும் அவள் முகம் வெளிறிப்போய்விட்டது. நெஞ்சுக்குக் கீழே எரிகிறது என்பாள். வெளிக்குக் கறுப்பாகப் போயிருக்கிறது, அதை யாரிடமும் சொல்லவில்லை, பேரீச்சம்பழம் தின்றால் அப்படித்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு நாள் அந்தியில் மாத்திரையைப் போட்டு, ஜைனப் ஊற்றிக் கொடுத்த கஞ்சியில் இரண்டு மடக்குக் குடித்தாள், அப்படியே எழுந்து முற்றத்துக்குப் போய் வாந்தி எடுத்தாள். காப்பிச் சக்கை மாதிரி இருந்தது, பிறகு ரத்தமே வந்தது. சுவரைப் பிடித்தபடி சரிந்துவிட்டாள். குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வண்டியில் அவள் தலை என் மடியில் கிடந்தது, கை குற்றாலத் தண்ணீர் போலக் குளிர்ந்து கிடந்தது. டாக்டர் பால்வண்ணநாதன் நாடியைப் பிடித்துக்கொண்டே, அம்மா, என்ன மருந்து சாப்பிடுதீய, வலிக்கு மாத்திரை ஏதும் போட்டீயளா என்று மறுபடி மறுபடி கேட்டார். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்து, மேல்மாடத்துல டின் இருக்கு, போய் ஒளிச்சு வைங்க, பிள்ளை பேரு வந்திரும் என்று காதில் சொன்னாள். நான் ஒளிக்கவில்லை மகனே. டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன், ஜைனப்பின் மாப்பிள்ளையை அனுப்பி டின்னையும் எடுத்துவரச் செய்தேன். அவர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வயிற்றுக்குள் புண்ணாகி ரத்தம் கசிகிறது, விடிவதற்குள் நின்றால் நம் பாக்கியம், நிற்காவிட்டால் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போய் ரத்தம் ஏற்ற வேண்டும், வழி தாங்குவாளா என்று சொல்ல முடியாது என்றார். ரத்தம் நிற்க வேண்டும் என்ற ஒரே துஆவைத்தான் அன்று இரவு முழுக்கக் கை ஏந்திக் கேட்டேன். ரத்தம் நின்றது. எல்லாப் புகழும் இறைவனுக்கே.

மறுநாள் டாக்டரிடம் எல்லாம் விவரமாகக் கேட்டேன், உனக்கும் அதே மாதிரி விவரமாகச் சொல்கிறேன். அவர் சொன்னார், பாய், மருந்து மேல பழி போடாதிய, இதுக்குப் பேரு ஆஸ்பிரின், காய்ச்சலை இறக்கும், தலைவலி பல்வலிக்குக் கேக்கும், முட்டு வீங்கினா வீக்கத்தையும் வாங்கும், நானே எத்தனை பேருக்குக் கொடுக்கேன், ஆனா அது வயித்தோட உள்சுவரைச் சுரண்டும், பகல் பூரா காய்ஞ்ச வயித்துல ஒரேயடியா அத்தனையும் போட்டா அது வேற எங்க போய் விழும் என்றார். சாப்பிட்டபின் போட வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், சில நாளைக்கு மேல் தானாகப் போட்டுக்கொண்டே இருக்கக் கூடாது, நெஞ்சுக்குக் கீழே எரிந்தாலோ வெளிக்குக் கறுப்பாகப் போனாலோ அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓட வேண்டும் என்றார். இரைப்பு உள்ளவர்கள் சிலருக்கு இது ஆகவே ஆகாதாம், மூச்சை இறுக்கிவிடுமாம். உன் அறையில் யாருக்காவது இரைப்பு இருந்தால் நல்ல மனதோடு எடுத்துக் கொடுத்துவிடாதே. நம் தெருக் கடையில் தாளில் மடித்து விற்கிறார்களே ஏ.பி.சி. மாத்திரை, தறிக்காரர்கள் பாதிப்பேர் டீயோடு போடுகிறார்கள், அதைப் பற்றியும் கேட்டேன். அதில் மூன்று மருந்து கலந்திருக்கிறதாம். ஒன்று இதே ஆஸ்பிரின். இன்னொன்று காப்பியில் உள்ள சரக்கு, அதனால்தான் போடாத அன்று தலை வெடிக்கிறது என்று மறுபடி கடைக்குப் போகிறார்கள். மூன்றாவது மருந்தை வருஷக்கணக்காகத் தின்றால் கிட்னி கெட்டுவிடும் என்று இப்போது பெரிய டாக்டர்கள் சந்தேகப்படுகிறார்களாம். கிட்னி என்பது விலாவுக்குப் பின்னால் இருந்து மூத்திரத்தைப் பிரிக்கிற உறுப்பு.

இன்னொன்றும் கேள். ஆண்கள் வார்டில் மாடன் என்று ஒருவர், தென்னையிலிருந்து விழுந்து தொடை முறிந்து, கட்டடமே அதிர அலறிக்கொண்டிருந்தார். ஒரு ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அலறல் அடங்கி, ஏட்டி, என் வெத்திலைப் பையை எங்க வச்சே என்று பெண்டாட்டியிடம் சாவகாசமாகக் கேட்டார். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. டாக்டரிடம் போய், இவ்வளவு நல்ல ஊசி இருக்கும்போது எங்கள் வீட்டு அம்மாளின் முட்டுக்கும் ஒன்று போட்டுவிடுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அது மார்பியா, அபின்லருந்து எடுக்கது, எலும்பு முறிஞ்சவனுக்கும் ஆபரேஷன் ஆனவனுக்கும் அது வேணும், முட்டுவலிக்குப் போட்டா நாளைக்கும் கேக்கும், நாளான்னைக்கு இன்னுங்கூடக் கேக்கும், அளவு கூடினா மூச்சையே அமத்திரும், எலி பிடிக்க யாராவது புலியை வீட்டுக்குள்ள விடுவாவளா பாய் என்றார். அப்படியானால் இந்த மாத்திரை பூனையா என்றேன். பூனைதான், பட்டினி வயித்துல விட்டா பூனையும் பிறாண்டும்லா என்றார். அவர் சொன்னது சரிதான். எங்கள் காலத்தில் பல்வலிக்கு ஒரு பொட்டு அபின் வைப்பார்கள். என் பெரிய மச்சான் அப்படித் தொடங்கியவர்தான், பல் போன பிறகும் அபின் போகவில்லை. ஆகையால் முதுகுவலிக்கு நல்லது என்று அங்கே எவனாவது அதை உன்னிடம் நீட்டினால் கையால்கூடத் தொடாதே.

உம்மா தேறி வரக் கொஞ்ச காலம் ஆயிற்று. பாலும் குழைந்த சோறுமாகக் கொடுத்தோம். விட்ட நோன்பைப் பிறகு சுகமாக இருக்கும்போது வைத்துக்கொள்ளலாம், முட்டு மடங்காதவர் உட்கார்ந்து தொழுதால் அல்லாஹ்விடம் கூலி குறையாது என்று பள்ளிவாசல் லெப்பை வீட்டுக்கே வந்து சொன்னார். அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, உங்க வயசுல நீங்க நின்னுதான தொழுதீய என்று அவரையே மடக்கினாள். இப்போது முக்காலியில் உட்கார்ந்து தொழுகிறாள். முட்டுக்கு நொச்சி இலை வேது பிடிக்கிறோம், உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒற்றடம் கொடுக்கிறோம், டாக்டர் சொன்னபடி காலை நீட்டி மடக்குகிறாள். மாத்திரை அவள் வயிற்றுக்கு இனிக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் டின்னை எறிய மனசு வரவில்லை, அதில் இப்போது கிராம்பு போட்டு வைத்திருக்கிறாள். சாரல் தொடங்கிவிட்டது. போன திங்கள்கிழமை ஐந்தருவிக்குக் கூட்டிப்போனோம். விழுகிற தண்ணீருக்கு நேரே நிற்காமல் ஓரத்தில் சிதறுகிற இடத்தில் நிற்கச் சொல்லியிருந்தார் டாக்டர், ஜைனப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்தால் ஒரு தைலக்காரன், முட்டுவலி, முதுகுவலி, மாமியாரால வந்த தலைவலி எல்லாம் ஒரே பாட்டில்ல போயிரும் என்று கத்திக்கொண்டிருந்தான். உம்மா நின்று, ஏய்யா, மாமியாரால வந்த தலைவலிக்கு யாருக்குப் பூசணும், மருமகளுக்கா மாமியாருக்கா என்று கேட்டாள். கூட்டமே சிரித்தது. நான் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே, இவள் பிழைத்துவிட்டாள் என்று அன்றுதான் முழுசாக நம்பினேன்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன் மகனே. நீ அனுப்பினதால்தான் இப்படி ஆனது என்று ஒரு கணமும் நினைக்காதே, நீ அன்போடு அனுப்பினாய், அவள் அவசரத்தில் போட்டாள். எனக்குள்ள பயம் நடந்ததைப் பற்றியது இல்லை. உம்மா நோன்பில் செய்ததை நீ தினமும் காலையில் செய்கிறாய். அவளுக்காவது பக்கத்தில் நாங்கள் இருந்தோம். நீ மூட்டையோடு சரிந்தால் உன்னைத் தாங்க அங்கே யார் இருக்கிறார்கள்? இதைக் கண்டதும் அந்த வழக்கத்தை நிறுத்து. வேலைக்காரர்களைப் பார்க்கிற டாக்டர் அங்கே இருப்பார், அவரிடம் முதுகைக் காட்டு, எவ்வளவு காலமாக மாத்திரை போடுகிறாய் என்று ஒளிக்காமல் சொல், வெளிக்கு எப்படிப் போகிறது என்று கேட்டால் வெட்கப்படாதே, உன் உம்மா வெட்கப்பட்டுத்தான் அவ்வளவு தூரம் போனது. மாத்திரை வலியைத் தெரியாமல் ஆக்குகிறது, முதுகைச் சரியாக்குவதில்லை. வலி தெரியாத முதுகில் இன்னும் ஒரு மூட்டை கூடுதலாக ஏற்றிவிடுவாய். குனிந்து தூக்காமல் இரண்டு முட்டையும் மடக்கி, கால் முட்டைச் சொல்கிறேன், உட்கார்ந்து தூக்கு. இரண்டு நாள் கூலி போனால் போகட்டும். புது டின்னை இங்கே அனுப்ப வேண்டாம்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை நடந்துவிட்டது. அம்மி ஓடுகிற சத்தம் எப்போதோ நின்றிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் உன் உம்மா மசாலாக் கையோடு நிலைப்படியில் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாய் என்று கேட்டேன். நீங்க மாத்திரை மாத்திரைன்னு எழுத்துக்கூட்டுனப்பவே வந்துட்டேன், தெரு முச்சூடும் கேக்குது, இதுல ரகசியமாம் என்றாள். கிழித்துப்போடச் சொல்லுவாள் என்று தாளைக் கையால் மூடிக்கொண்டேன். அவள் வந்து பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு, அவன் வெறும் வயித்துல போடுதான்னு ஜைனப் படிச்சப்பவே எனக்கு உள்ளுக்குள்ள கலங்கிட்டு, ஆனா எனக்கு நடந்ததைச் சொன்னா அவன் அங்கன சோறு திங்க மாட்டான், அதான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன் என்றாள். எழுதியதை முதலிலிருந்து படிக்கச் சொன்னாள். படித்தேன். முக்காலி விஷயத்தை மட்டும் அடிக்கச் சொன்னாள், அடிக்க மாட்டேன் என்றேன். கடைசியில், சரி, நான் சொல்லுததையும் எழுதுங்க என்றாள். அவள் சொன்னது அப்படியே இது. ஏலே கிதிரு, சோறு திங்காம மாத்திரை போட்டீன்னா எனக்குச் செஞ்சதை அது உனக்கும் செய்யும். உம்மாவை நினைச்சு அழணும்னா தின்னுட்டு அழு.

மேல்விலாசம் மட்டும் ஜைனப் இங்கிலீஷில் எழுதித் தருவாள், இனி அவள் சத்தியத்துக்கும் பங்கம் இல்லை. அல்லாஹ் உன் முதுகுக்கு பலத்தையும் உன் தட்டில் பரக்கத்தையும் தரட்டும், உன்னைத் தீங்கில்லாமல் எங்கள் கண்முன் கொண்டுவந்து சேர்க்கட்டும். டாக்டரைப் பார்த்ததும் அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் எழுது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது, உன் கடிதத்தை இனி முதலில் நான்தான் படிப்பேன். உன் பதில் வரும்வரை காத்திருக்க என்னால் ஆகாது, அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் மறுபடி பேனாவை எடுப்பேன். அந்தக் கடிதத்தில் முதல் வரியாக எழுதப்போவதை இப்போதே கேட்டுவிடுகிறேன், இன்று காலையில் என்ன சாப்பிட்டாய்?

இப்படிக்கு,
உன் உம்மா பக்கத்தில் இருந்து பார்க்க,
தன் கையால் கையெழுத்துப் போடும்
உன் வாப்பா
துல்கர்னைன்